வெந்தயம் சரியான அளவு

சாப்பிடுங்கள் சார், நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு வேண்டாம். கேட்டீர்களே, அதுவே போதும். நீங்கள் பொட்டலத்தைப் பிரித்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இட்லி மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. இட்லி விஷயத்தில் நான் ஏமாற்றப்பட்டவன். அதனால்தான்.

எதுவரைக்கும் போகிறீர்கள்? மாயவரமா? நல்லது. நான் குத்தாலம். மாயவரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். இதோ டிக்கெட். நீங்கள் கேட்கவில்லைதான். எதிரில் இருப்பவருக்கு டிக்கெட்டைக் காட்டிவிட்டு உட்காருவது என் வழக்கம். முப்பத்தொரு வருஷம் மற்றவர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்தவன் நான். டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. பெயர் அமிர்தலிங்கம்.

அந்த வேலையில் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் சார். பொய் சொல்கிறவன் முகம். "பர்ஸ் தொலைஞ்சு போச்சு" என்பான். "டிக்கெட் என் தம்பிகிட்ட இருக்கு, அவன் அடுத்த பெட்டியில இருக்கான்" என்பான். எல்லாம் கேட்டாயிற்று. சில பேர் டிக்கெட் எடுத்த ஊரைத் தாண்டி வந்துவிட்டு, "அசந்துட்டேன் சார், என் ஸ்டேஷன் போனதே தெரியலை" என்பார்கள். நிஜமாகத் தூங்கியவன் பதறி எழுந்திருப்பான். தெரிந்தே தாண்டியவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தடவைகூட நான் ஏமாந்தது கிடையாது. அப்படிப்பட்டவனை வீட்டுக்குள்ளேயே, அடுப்படிக்குள்ளேயே, ஐம்பது நாளுக்கு மேலே... சரி. முதலிலிருந்து சொல்கிறேன்.

இதோ, இப்போது தாண்டினோமே, பொன்மலை, அங்கேதான் என் வீடு. நானும் என் மனைவி தையல்நாயகியும்தான். பையன் ஓசூரில். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டதும் உப்பிக்கொள்ளும். ஏப்பம். பகலெல்லாம் அசதி. ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டருக்கு என் பையன் வயசு இருக்கும். "ஒரு நாளைக்குக் காப்பி எத்தனை?" என்றார். ஏழு என்றேன். "ரெண்டாக்குங்க. நல்லா மென்னு நிதானமா சாப்பிடுங்க. தினம் நடங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான். இரண்டு நிமிஷம். முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் பார்த்தவனுடைய வயிற்றுக்கு இரண்டு நிமிஷம்.

அப்போதுதான் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். உணவு ஆலோசகர், பெயர் தணிகைவேல். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நாற்பது நிமிஷம் நான் சொன்னதையெல்லாம் கேட்டார் சார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "ஐயா, உங்களுக்கு வியாதி வயித்துல இல்லை, குடல்ல" என்றார்.

குடலுக்குள் ஈஸ்ட் என்று ஒரு பூஞ்சை இருக்கிறதாம். எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். அளவு மீறி வளர்ந்துவிட்டால்தான் உபத்திரவம். வயிறு உப்பும், அசதி வரும், ஞாபக மறதி வரும், கோபம் வரும் என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு எல்லாம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. வீட்டில் வந்து சொன்னபோது தையல், அதுவும் இருக்கிறது என்றாள்.

தொண்ணூறு நாள் பத்தியம். ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். பூஞ்சைக்குத் தீனி போடக்கூடாது. சர்க்கரை, வெல்லம், பழம், மைதா, காப்பி, டீ, ஒன்றும் கூடாது. சோறு ஒரு கைப்பிடி. புளித்தது எதுவுமே ஆகாது. இட்லி, தோசை, ஆப்பம், தயிர், மோர், பழையது, ஊறுகாய், எல்லாவற்றுக்கும் தடை. காய், கீரை, முட்டை, பாசிப்பயறு, தேங்காய், பூண்டு சாப்பிடலாம். வீட்டில் ஒருத்தர் மட்டும் இருந்தால் பத்தியம் நிற்காது, எல்லோரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

தையலிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கவனியுங்கள், அவள் ஒன்றுமே சொல்லவில்லை. தாளை வாங்கி ஒரு தடவை படித்தாள். "புளிச்சது ஆகாதுன்னா நான் காலையில எழுந்து என்ன செய்யறது?" என்று மட்டும் கேட்டாள். சுண்டல் செய் என்றேன்.

அவளுடைய இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் நாள் சாயங்காலம் தையலை வந்து கூப்பிடுவார்கள். மாவு கரைக்க அவள் கைதான் வேண்டும் என்பார்கள். நல்ல இட்லிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெந்தயம் தூக்கலாகப் போடுவாள். சாப்பிட்டு முடித்ததும் நாக்கின் அடியில் ஒரு சின்னக் கசப்பு நிற்கும். முப்பத்துநாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வெந்தயத்தைக் குறை, வெந்தயத்தைக் குறை என்று. குறைக்கவில்லை. அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் சுபாவம் அது.

கிரைண்டர் வீட்டில் இருந்தால் ஆசை வரும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் பிலோமினா என்று ஒரு அம்மாள். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கிறாள். தொண்ணூறு நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நானும் பிலோமினாவுமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். மாவுப் பாத்திரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானேதான் கொடுத்தேன் சார். இதைப் பிற்பாடு சொல்கிறபோது உங்களுக்கே புரியும்.

இன்னொன்று, எச்சில் சோதனை. முகம் சுளிக்காதீர்கள், சாப்பிடுகிற நேரத்தில் சொல்லக்கூடாதுதான். காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னால், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அதில் துப்ப வேண்டும். கால் மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். எச்சில் மேலேயே மிதந்தால் குடல் சுத்தம். நூல் நூலாகக் கீழே இறங்கினால் பூஞ்சை. இரண்டு டம்ளர் வாங்கி, பேப்பர் ஒட்டி, அ, தை என்று எழுதி ஜன்னலில் வைத்தேன். தினம் படம் எடுத்து முகாம் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நூற்றெண்பது பேர் இருந்தார்கள் அந்தக் குழுவில். விடிந்தால் நூற்றெண்பது பேருடைய டம்ளர்.

என்னுடையது நூலாக இறங்கியது. அவளுடையதும் இறங்கியது. அந்த டாக்டரிடம் பிற்பாடு இதைக் கேட்டேன். எச்சில் என்றால் தண்ணீரில் இறங்கத்தான் செய்யும், யாருடையதாக இருந்தாலும் என்றார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் மூன்று வாரம் நன்றாகவே போயிற்று. ஏப்பம் குறைந்தது. தையல் கொஞ்சம் மெலிந்தாள். எப்போதும் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவள், மெலிந்தது நல்லதற்குத்தான் என்று நினைத்தேன். இருபத்துமூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் தடால் என்று சத்தம். போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறாள். கண் செருகியிருக்கிறது. வேறொருத்தனாக இருந்தால் அலறியிருப்பான். நான் அலறவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலேயே போட்டிருக்கிறது சார்: பூஞ்சை சாகிற சமயத்தில் தலை சுற்றும், கைகால் ஓய்ந்துபோகும், பயப்பட வேண்டாம், நல்ல அறிகுறி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகுது. நல்லதுதான்" என்றேன். தைரியம் சொன்னேன்.

சத்தம் கேட்டு பிலோமினா ஓடி வந்தாள். வந்தவள் எங்கள் அலமாரியைத் துழாவினாள், சர்க்கரை இல்லை. தன் வீட்டுக்கு ஓடிப்போய் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன். இருபத்துமூன்று நாள் கஷ்டம் ஒரு டம்ளர் தண்ணீரில் போய்விடுமே. பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே, நகருங்க."

நகர்ந்தேன். பெண் பிள்ளைகளோடு என்ன சண்டை.

மறுநாளிலிருந்து தையல் தேறிவிட்டாள். முகத்தில் ஒரு தெளிவு. அதைவிட ஆச்சரியம், அவள் டம்ளர். பளிங்கு மாதிரி இருக்கிறது. நூல் இல்லை, துகள் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நான் படம் எடுத்துப் போட்டேன். தணிகைவேலே மூன்று பூ போட்டார். 'இந்த அம்மாவைப் பாருங்கள்' என்று எழுதினார். எங்கெங்கிருந்தோ எனக்குப் போன் வந்தது. "உங்க வீட்டம்மா டம்ளரைப் பார்த்துத்தான் சார் நானும் விடாம இருக்கேன்" என்று பரமக்குடியிலிருந்து ஒருத்தர். பெருமையாக இருந்தது. என்னுடையது மட்டும் இன்னும் நூலாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பிற்பகல் மூன்று மணி ஆனால் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும். தையல் அந்த நேரத்தில் பிலோமினாவுக்குத் துணையாக இருக்கிறேன் என்று போய்விடுவாள். நான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பாவம், இப்படித் தினமும் புளித்த மாவைச் சாப்பிட்டால் பிலோமினாவின் குடல் என்ன ஆகும் என்று நினைப்பேன். தனியாக இருக்கிற ஒரு பொம்பளை தினமும் ஒரு கிரைண்டர் மாவை ஆட்டி என்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருஷம் பரிசோதகர் சார் நான்.

தஞ்சாவூர். இறங்குகிறவர்கள் இறங்கட்டும். பையைக் காலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து நாள் முடிந்த பிறகு, விலக்கிய பொருளில் ஏதாவது ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று தாளில் ஒரு வரி இருந்தது. ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு உடம்பு என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். எதை எடுப்பது? இட்லியை எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அவள் இவ்வளவு தூரம் உறுதியாக இருக்கிறபோது அவள் மனசைக் கலைக்கக்கூடாது பாருங்கள். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று பாலத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடந்து போனேன். அங்கே ஒரு முனையில் தகரக் கொட்டகையில் டிபன் கடை. சேவியர் என்று ஒருத்தன் நடத்துகிறான். இரண்டு இட்லி வாங்கினேன். ஆவி பறக்கிறது. ஊதி ஊதித்தான் சாப்பிட முடியும். மெதுவாக, பிட்டுப் பிட்டு, வாயில் வைத்துக் கரைய விட்டுச் சாப்பிட்டேன்.

என்ன இட்லி சார் அது!

வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை வைத்து முடிவு கட்டக்கூடாது. மறுபடி செவ்வாய்க்கிழமை போனேன். வியாழக்கிழமை போனேன். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆயிற்று. சோதனைதான். போக இரண்டு, வர இரண்டு கிலோமீட்டர் நடை. வயிறு இலேசாகிவிட்டது. உப்பல் போயிற்று, அசதி போயிற்று. காப்பி குடித்தே இரண்டு மாசம் ஆகிறது. பத்தியம் வேலை செய்கிறது என்று குழுவில் நீளமாக எழுதினேன்.

சேவியரிடம் ஒரு நாள் சொன்னேன். "தம்பி, இட்லி சாப்பிடத் தெரிஞ்சவன் சொல்றேன் கேட்டுக்க. வெந்தயம் சரியான அளவு. கடைசியில ஒரு சின்னக் கசப்பு வருது பாரு, அதுதான் இட்லி." அவன் சிரித்துக்கொண்டே, "மாவு குடுக்கறவங்ககிட்ட சொல்றேன் சார், சந்தோஷப்படுவாங்க" என்றான். இன்னொரு வியாழக்கிழமை கசப்பே இல்லை. சப்பென்று இருந்தது. அதையும் சொன்னேன். "இன்னிக்கு வெந்தயம் பத்தலை. கையை மாத்த வேண்டாம்னு சொல்லு." அதையும் சொல்கிறேன் என்றான்.

எழுபத்தாறாம் நாள். கடையில் நல்ல கூட்டம். நான் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்ப்பா, மாவு யாருதான் ஆட்டறது?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"எங்க அக்கா வீட்டுல வெச்சு, பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க ஆட்டறாங்க சார். வீட்டுக்காரருக்குத் தெரியாம."

"தெரியாமன்னா?"

"அந்த ஆளுக்குக் குடல்ல பூஞ்சை புடிச்சிருக்காம் சார்!" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "இட்லி கூடாது, தோசை கூடாது, தயிர் கூடாது. காலையில எழுந்ததும் புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கு ஒரு டம்ளர்ல துப்பி ஜன்னல்ல வெச்சு வேடிக்கை பாக்கணுமாம்."

"மழை பேஞ்சா அந்த டம்ளரை உள்ள எடுத்து வெப்பாங்களா?" என்றான் ஒருத்தன்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் சார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வாயில் இட்லியை வைத்துக்கொண்டு, புரை ஏறுகிற மாதிரி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். யார் அந்தப் பைத்தியக்காரன் என்று நினைத்து ஒரு வாய் சிரித்து முடித்த பிறகுதான்... கையில் இருந்த இட்லியைப் பார்த்தேன். நாக்கின் அடியில் அந்தக் கசப்பு.

வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். கையில் மாட்டியிருந்த குடையைப் பிரிக்கவே தோன்றவில்லை. தையல் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சேவியர் கடைக்கு மாவு யார் ஆட்டறது?"

தலையை நிமிர்த்தவில்லை. "நான்தான்."

மறுப்பாள் என்று அடுத்த மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன். வீணாயிற்று.

"எத்தனை நாளா?"

"நான் விழுந்தேனே, அதுக்கு மறுநாள்லேருந்து. பிலோமினாதான் ரெண்டு இட்லி ஊத்திக் குடுத்தா. சாப்பிட்டதும் உடம்புக்கு உசிர் வந்துச்சு. நாமளே ஆட்டிக்கலாமேன்னு ஆரம்பிச்சோம். அவ தம்பி கேட்டான், குடுத்தோம்."

"டம்ளர்?"

"வெறும் தண்ணி."

"துப்பவே இல்லையா?"

"உங்களுக்குச் சுத்தமா இருக்கணும். இருந்துச்சு."

நூற்றெண்பது பேர் பார்த்த டம்ளர் அது. பரமக்குடிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? "ஊர் சிரிக்குது தையல், முன்பின் தெரியாதவனெல்லாம் என்னைச் சொல்லிச் சிரிக்கறான். வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டு இப்படி முதுகில குத்தலாமா? நான் உன்கிட்ட எதையாவது மறைச்சிருக்கேனா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க நீங்க சாப்பிடறது எனக்குத் தெரியும்."

நான் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"ரயில்வேல இருந்தவராம், குடையைக் கையில மாட்டிக்கிட்டே சாப்பிடுவாராம், வெந்தயம் சரியான அளவுன்னு பாராட்டினாராம். சேவியர் வந்து சொன்னான். அவனுக்குத்தான் நீங்க யாருன்னு தெரியாது."

"அது சோதனை. தாளில போட்டிருக்கு."

"இருக்கட்டும். பசியோட அலையறீங்களே, எங்கேயோ நம்ம மாவைத்தானே சாப்பிடறீங்கன்னு நானும் பேசாம இருந்தேன். ஒரு வியாழக்கிழமை வெந்தயத்தைக் குறைச்சுப் போட்டேன். முப்பத்துநாலு வருஷமா கேட்டீங்களே, அதனால. அதுக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?"

நீங்களே சொல்லுங்கள் சார், இதற்கு என்ன பதில் இருக்கிறது? கடை இட்லி வேறு, வீட்டு இட்லி வேறு. அதைத்தான் சொன்னேன். அவள் கீரைக் காம்புகளை ஒன்றாகக் கூட்டிக் குப்பையில் போட்டாள்.

"நான் கீழே கிடந்தப்ப நீங்க தாளைப் பார்த்துட்டு, சாகுது, நல்லதுதான்னீங்க. பயத்துல சொல்றார்னு வெச்சுக்கிட்டேன். இதை அப்படி வெச்சுக்க முடியலை."

இதை என்றால் எதை? வெந்தயத்தையா? வெந்தயத்துக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. பிலோமினா ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனாளாம். என்னை யாரும் எழுப்பவில்லை. அடுப்படியில் கிரைண்டர் அதன் பழைய இடத்தில் இருந்தது. பக்கத்தில் அந்தப் பாத்திரம் நிறைய மாவு. எனக்காகத்தான் வைத்திருக்கிறாள். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இட்லித் தட்டில் துணி போடுவதா, எண்ணெய் தடவுவதா, எவ்வளவு நேரம் வேகவைப்பது, ஒன்றும் தெரியாது. வெயில் காலம் வேறு. சாயங்காலத்துக்குள் பொங்கி, மூடியைத் தள்ளி, மேடையில் வழிந்து, தரைக்கு வந்துவிட்டது. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். துடைத்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. வாசனை இன்னும் போகவில்லை.

ஆறு வாரம் ஆகிறது. குத்தாலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவன் போனில், "அக்கா நல்லா இருக்கா அத்தான். காலையில இங்க தெருவுக்கே அவ இட்லிதான்" என்கிறான். அவளிடம் கொடு என்றால், "கையில மாவு இருக்கு அத்தான்" என்கிறான். எப்போது கூப்பிட்டாலும் கையில் மாவு இருக்கிறது.

சோதிக்கிறேன் என்று சேவியர் கடைக்கு மறுபடி ஒரு நாள் போனேன். வேறு யாரிடமோ மாவு வாங்குகிறான். ஒரு வாய் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது திரும்ப ஏழு காப்பி. வயிறும் திரும்ப உப்புகிறது.

நான் கோபமாகப் போகவில்லை. கூட்டி வரத்தான் போகிறேன். ஆனால் ஒரு முறை என்று இருக்கிறதே. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனிடம் நாங்கள் எழுதி வாங்குவோம். அவனை அவமானப்படுத்த அல்ல, மறுபடி செய்யாமல் இருக்க. அதே மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். 'அமிர்தலிங்கம் மனைவி தையல்நாயகி ஆகிய நான், பத்திய காலத்தில் என் கணவருக்குத் தெரியாமல் மாவு ஆட்டியதும், டம்ளரில் வெறும் தண்ணீர் வைத்ததும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து. ஒரு வரி கடுமையாக இருக்கிறதா? இல்லையே.

என்ன கேட்டீர்கள்? நான் சாப்பிட்டதும் இதில் இருக்கிறதா என்றா? அது எதற்கு? அது சோதனை என்றுதான் சொன்னேனே. அவளுக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதுவது? தாளிலும் இடம் இல்லை பாருங்கள்.

இதுதான் முதல் தடவையா என்றா? இல்லை, இதற்கு முன்னால் போகாமல் இல்லை. போன வியாழக்கிழமை இதே வண்டியில் வந்தேன். அதற்கு முந்தின வியாழக்கிழமையும் வந்தேன். மாயவரத்தில் கொஞ்சம் வேலை இருந்தது. என்ன வேலை என்றால்... வேலைதான்.

கும்பகோணமும் போயிற்று, ஆடுதுறையும் போயிற்று. பேச்சில் தெரியவே இல்லை. அந்தக் கடைசி இட்லியை ஏன் அப்படியே வைத்திருக்கிறீர்கள்? ஆறிவிடும் சார். எனக்கா? பாதி போதும். சரி, கொடுங்கள். பத்தியமெல்லாம் முடிந்துவிட்டது.

ம். பஞ்சு மாதிரிதான் இருக்கிறது. குறை சொல்லக்கூடாது. வெந்தயமே போடவில்லை.

வண்டி நிதானமாகிறது பாருங்கள். இதுதான் குத்தாலம். ஒரு நிமிஷம்தான் நிற்கும். அந்த மரத்தை ஒட்டிப் போகிற ரோட்டில் பத்து நிமிஷம் நடந்தால் வீடு. இந்நேரம் இரண்டாவது ஈடு இறக்கியிருப்பாள். இரண்டாவது ஈடுதான் எப்போதும் நன்றாக வரும். முதல் ஈட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவதைத்தான் எனக்குப் போடுவாள். ஏன் அப்படி என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பையா? இருக்கட்டும் சார், எடுக்க வேண்டாம். இறங்குகிறவர்கள் முதலில் இறங்கட்டும்.

விசில் கொடுத்துவிட்டான்.

நகர்ந்துவிட்டது. இனிமேல் இறங்க முடியாது. ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குவது குற்றம். நானே எத்தனை பேரைக் கண்டித்திருக்கிறேன். மாயவரம் என்ன, கொஞ்ச தூரம்தான். உங்களோடு பேசிக்கொண்டே வந்துவிடுகிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். ஜன்னல் பக்கம் நீங்கள் வந்துவிடுங்கள், நான் இந்தப் பக்கம் சாய்ந்துகொள்கிறேன். டிக்கெட் குத்தாலம் வரைக்கும்தான் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால், பெரியவர் அசந்துவிட்டார், ஸ்டேஷன் போனது அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.